ஏரிப் பாசனப் பகுதியில் வரும் கோடை

சம்பா அறுவடை முடிந்து, அறுத்த தாளடியில் தெளித்த உளுந்தும் பயறும் காய் முற்றி நிற்கும் பங்குனி மாதத்தில், வீராணம் ஏரியைச் சார்ந்த கிராமங்களின் சங்கங்களுக்குத் தணிக்கையின் பொருட்டுச் செல்லும்போதெல்லாம் அங்கத்தினர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றேதான்: "இந்த வருஷம் கோடை எப்படி இருக்கும், சார்?" கணக்குப் பார்க்க வந்தவனிடம் வானத்தைப் பற்றிக் கேட்பானேன் என்று புதிதாக வந்த எழுத்தர்கள் நகைப்பதுண்டு. ஆனால் சங்கத்தின் கடன் பேரேட்டைப் புரட்டுகிறவனுக்கு அக்கேள்வியின் நியாயம் நன்கு விளங்கும். தவணை தவறிய கடன்களை ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்தால், அவை மனிதர்களின் ஒழுக்கத்தைக் காட்டிலும் வாய்க்காலில் வந்த நீரின் வரலாற்றையே அதிகமாகச் சொல்லும்.

வானிலைத் துறையார் ஆண்டுதோறும் மார்ச்சு முடிவிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதங்களுக்கும் உரிய கோடை முன்னறிவிப்பை வெளியிடுகின்றனர். ஏப்ரல் நடுவில் தென்மேற்குப் பருவமழை பற்றிய முதல் அறிவிப்பும், மே இறுதியில் அதன் திருத்தமும் வருகின்றன. நாளிதழ்களில் இவை பெரிய எழுத்துக்களில் வெளிவரினும், நம் பகுதி அங்கத்தினருக்கு இவற்றில் எது பயன்படும், எது பயன்படாது என்பதை எவரும் பிரித்துச் சொல்வதில்லை. அதைச் செய்ய முயல்வதே இக்கட்டுரை. என் கருத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: நாம் அதிகமாகப் பேசுவது வெயிலைப் பற்றி, நம் கோடையின் பலனை முடிவு செய்வதோ, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் குடகு மலையில் பெய்யும் மழை.

ஏரியின் இயல்பு

முதலாம் பராந்தக சோழன் காலத்தில் (907–955) வெட்டப்பெற்று, வீரநாராயணன் என்னும் அவனுடைய பட்டப் பெயரைத் தாங்கிய இந்த ஏரி, தெற்கு வடக்காகப் பதினைந்து கிலோமீட்டர் அளவு நீண்டு கிடக்கிறது. இதன் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. பாசனம் பெறும் நிலம் ஏறத்தாழ 45,000 ஏக்கர். செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை முதலியவை மேற்கிலிருந்து மழைநீரைக் கொண்டுவரும் என்றாலும், ஏரிக்கு உயிர்நாடி வடவாறே. கொள்ளிடத்தின் குறுக்கே 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையிலிருந்து அது காவிரி நீரை ஏரிக்குச் சேர்ப்பிக்கிறது.

"ஏரி 47 அடி நிறைந்துவிட்டது" என்ற செய்தியைக் கேட்டு, நீர் நாற்பத்தேழு அடி ஆழம் நிற்பதாக நினைப்பவர் இன்னும் இருக்கின்றனர். முழு அளவாகிய 47.5 அடி என்பது கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்ட அளவு, ஏரியின் ஆழமன்று. உண்மையில் வீராணம் பரப்பு மிகுந்த, ஆழம் குறைந்த ஏரி. நிறைந்திருக்கும் காலத்திலும் பல இடங்களில் நீர் ஓர் ஆள் உயரத்திற்கு மேற்படாது. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால், கோடையில் அது ஏன் அவ்வளவு விரைவாக வற்றுகிறது என்பது தானே விளங்கும்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். சித்திரை, வைகாசி மாதங்களின் வெயிலிலும் காற்றிலும் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மில்லிமீட்டர் என்பது விரல் நகத்தின் அகலங்கூட இல்லை. ஆனால் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 10 லட்சம் லிட்டர். ஆகவே ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் வெயில் நாள்தோறும் 60 லட்சம் லிட்டரைக் குடித்துவிடுகிறது. 2004இல் நிறைவேறிய புதிய வீராணம் திட்டத்தின்படி சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்தின் வழியே சென்னைக்குச் செல்லும் நீரின் அளவு, முழுமையாக எடுத்தால், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். அதாவது ஏரி முப்பது சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கும் நாளில், சென்னை குடிப்பதும் சூரியன் குடிப்பதும் சரிக்குச் சரி. "சென்னைக்காரர்கள் நம் ஏரியை வற்றடிக்கிறார்கள்" என்று கோடைதோறும் பேசுகிறோம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் கணக்கின் மற்றப் பாதியையும் சேர்த்து எழுதுவதே முறை.

கோடையில் ஏரிக்கு வரவு அநேகமாக இல்லை. தை, மாசிக்குப் பின் வடவாற்றில் நீர் நின்றுவிட்டால், மேட்டூர் அணை மரபுப்படி ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படும் வரையில், அதன் பின்னும் அந்நீர் கல்லணை, கீழணை கடந்து வந்து சேரும் வரையில், இருப்பைக் கொண்டே காலங்கழிக்க வேண்டும். வரவில்லாத மாதங்களில் செலவை எழுதிக்கொண்டே போகும் ரொக்கப் புத்தகம் போன்றது அது.

வெயிலைப் பற்றி

நம் பகுதி வட அட்சரேகை பதினொன்றே காலை ஒட்டியிருப்பதால், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 20ஆம் தேதியை ஒட்டித்தான். எனினும் கடும் வெப்பம் அப்பொழுதன்று, மே மாதத்திலே, அக்கினி நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் குறிக்கும் மே 4 முதல் 28 வரையிலான நாட்களை ஒட்டி வருகிறது. நிலம் வாரக்கணக்கில் சேர்த்துக்கொண்ட சூடு ஒரு காரணம். காற்றின் திசை மற்றொரு காரணம். அது முதற் காரணத்தினும் வலியது.

ஏரிக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குள் கடல் இருக்கிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்தால் வெப்பம் மேலேறாது. வியர்வை மட்டும் மிகும். மேற்கிலிருந்து வரும் உலர்ந்த தரைக்காற்று வலுத்துக் கடற்காற்றைத் தடுத்துவிட்ட நாளில், பிற்பகல் மூன்று மணி வரை சூடு ஏறிக்கொண்டே போகும். வைகாசியின் பிற்பகுதியில் இவ்வாறு நிகழ்வது அதிகம். வங்கக் கடலில் தோன்றும் புயல்களும் இதில் விளையாடுகின்றன. புயல் என்றால் மழை என்று எண்ணி மகிழ்கிறோம். ஆனால் 2019 ஏப்ரல் இறுதியில் தோன்றிய ஃபானி புயல் வடக்கே திரும்பி ஒடிசாவுக்கும், 2020 மே மாதத்து அம்பன் புயல் வங்காளத்துக்கும் சென்றபோது, நம் கரையோரத்துக்குக் கிடைத்தது மழையன்று, வறண்ட மேல்காற்றே. 2010 மே மாதத்து லைலா புயலோ ஆந்திரக் கரைக்குச் செல்லும் வழியில் தமிழகக் கரையோரத்துக்கும் மழை தந்து சென்றது. எனவே புயல் தோன்றியது என்ற செய்தியைக் கேட்டவுடன் நாற்றங்காலுக்கு விதை ஊற வைப்பவர், அது எந்தத் திசையில் செல்கிறது என்பதையும் ஒரு நாள் பொறுத்திருந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

"வெப்ப அலை" என்ற சொல்லுக்கும் வரையறை உண்டு. சமவெளியில் உச்ச வெப்பநிலை 40 டிகிரி செல்சியசை எட்டி, அந்த நாளுக்குரிய சராசரியைக் காட்டிலும் 4.5 டிகிரியாவது மிகுந்திருக்க வேண்டும். கடலோர நிலையங்களுக்கு 37 டிகிரி போதும். மிகுதி அதே 4.5. 45 டிகிரியைத் தொட்டால் சராசரியைப் பாராமலே வெப்ப அலை என்பார்கள். இவ்வரையறையைச் சொல்வதற்குக் காரணம், அறிவிப்பில் "வெப்ப அலை இல்லை" என்றிருப்பதைக் கொண்டு உழைப்பவனுக்குத் தீங்கில்லை என்று எண்ணிவிடக் கூடாது என்பதே. கடலை ஒட்டிய ஊர்களில் 37 டிகிரியோடு ஈரப்பதமும் சேர்ந்தால் வியர்வை உலராது. வியர்வை உலராவிடில் உடல் குளிராது. நாற்பது டிகிரி உலர் வெயிலில் வேலை செய்பவனைக் காட்டிலும், இவ்விதப் புழுக்கத்தில் வேலை செய்பவன் விரைவில் சோர்ந்து விழக்கூடும்.

பயிருக்கும் ஒரு வரம்பு உண்டு. நெல் பூக்கும் வேளையில் வெப்பநிலை 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் மலடாகிப் பதர் மிகும். ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் கோடை நெல் நடுபவர், கதிர் வெளிவருவது சித்திரையின் உச்சத்தில் விழாதபடி நடவு நாளைக் கணக்கிட வேண்டும். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நிலத்தடி நீரை இறைத்துக் கோடை நெல் நடுவதையே இப்பகுதியில் குறைத்துக்கொள்வது நல்லது என்பேன். கடலை நோக்கியுள்ள கிராமங்களில் கிணறுகளை மிகையாக இறைத்தால் உப்பு நீர் உள்ளே ஏறும் அபாயம் இருக்கிறது. ஏறிய உப்பு எளிதில் இறங்குவதில்லை. எள்ளும் உளுந்தும் குறைந்த நீரில் ரொக்கம் தருபவை.

தறியும் வெயிலும்

ஏரிக்கு வடக்கே, பெருமாள் ஏரிப் பாசனத்தை அடுத்த குறிஞ்சிப்பாடி வட்டாரம் கைத்தறிக்குப் பெயர்பெற்றது. அங்கு நெய்யப்படும் லுங்கிகளை அறியாதார் இல்லை. வானிலை அறிவிப்பு உழவனுக்கே உரியது, நெசவாளனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கருதுவது பிழை.

பருத்தி நூல் ஈரத்தை விரும்புவது. காற்றில் ஈரம் போதிய அளவு இருக்கும்போது அது வலுவோடு இழைந்து வரும். காற்று உலர்ந்துவிட்டால் முறுகி அறும். குழித்தறி தரையை ஒட்டி அமைந்திருப்பதன் பயன்களுள் ஒன்று, மண்ணின் குளிர்ச்சி பாவுக்குக் கிடைப்பதாகும். மேல்காற்று வீசும் நாளில் முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் இழை அறுவதில் எவ்வளவு வேற்றுமை என்பதைத் தறியில் உட்கார்ந்தவரே அறிவர். அறுந்த இழையை முடிந்து மீண்டும் தொடங்க ஆகும் நேரத்திற்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. நெசவாளியின் கூலி நெய்த அளவுக்கே. ஆகவே உலர்ந்த ஒரு வாரம் என்பது அவர் வீட்டில் குறைந்த ஒரு வாரச் சாப்பாடு.

தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடும் வேலை இன்னும் நுட்பமானது. விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரிந்து உலர வேண்டும். வெயில் கடுமையானால் கஞ்சி பொருக்காகி உதிரும். உலராமலிருந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் வருவதால் காலை வேலைக்குத் தீங்கில்லை எனலாம். ஆனால் முன்னாள் இரவு மழை பெய்து, காலையில் மேகம் மூடியிருந்தால், அன்று பாவு நீட்டாமலிருப்பதே மேல். மறுநாளைக்கான மாவட்ட வானிலை அறிவிப்பை முதல் நாள் மாலையில் பார்த்துவிட்டுக் கஞ்சி காய்ச்சுவது, இக்காலத்தில் கைப்பேசி உள்ள எவர்க்கும் அரிய காரியமன்று. சாயத்துக்கும் இதே கவலை. கோடையில் கிணறு இறங்க இறங்க நீரின் கடினம் மிகும். கடின நீரில் சாயம் ஒரே சீராகப் பிடிக்காது. வண்ண நூலைச் சித்திரைக்குள் தோய்த்து இருப்பு வைத்துக்கொள்ளும் சங்கத்துக்கு வைகாசியில் புகார்கள் குறையும்.

நிர்வாகக் குழுவினர் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. கடும் வெயில் நாட்களில் நெசவாளி அதிகாலை நான்கு மணிக்குத் தறியில் இறங்கிப் பத்து, பதினொரு மணிக்கு ஏறிவிடவும், மீண்டும் மாலையில் இறங்கவும் விரும்புவார். பாவும் ஊடை நூலும் காலை பத்து மணிக்குச் சங்கம் திறந்த பின்னரே வழங்கப்படுமானால், அவருடைய நல்ல வேளை சங்க வாசலில் கழிந்துவிடும். முதல் நாள் மாலையிலேயே நூலை வழங்கிவிடுவதற்குத் துணைவிதியில் எந்தத் தடையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பழக்கம் ஒன்றுதான் தடை.

கோடை மழை

தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை ஏறக்குறைய 920 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. மார்ச்சு முதல் மே வரை பெய்யும் கோடை மழை மாநிலச் சராசரியாக 125 மில்லிமீட்டர் அளவே. அதிலும் மேற்கு, தென்கோடி மாவட்டங்களின் பங்கு பெரிது, நம்மைப் போன்ற வடகடலோரத்தாரின் பங்கு சிறிது. இவ்வளவு சிறிய தொகையில் "இயல்பைக் காட்டிலும் இருபது சதவீதம் அதிகம்" என்பது ஒரு மாலை நேர இடிமழையால் நிகழ்ந்துவிடும். ஒரு கிராமத்தில் வெள்ளம் ஓட, அடுத்த கிராமத்தில் புழுதி பறப்பதும் இம்மழைக்கு வழக்கம். எனவே கோடை மழையைப் பற்றிய பருவகால முன்னறிவிப்பை வைத்துத் தனிப்பட்ட விவசாயி எந்தத் திட்டமும் இடுவதற்கில்லை.

ஐம்பது மில்லிமீட்டர் மழை ஒரு நாளில் பெய்தால் ஏரிப் பரப்பில் எட்டு நாள் ஆவியான நீர் திரும்ப வந்ததாகும். ஏரி அதனால் நிறையாது. ஆனால் நிலத்துக்கு அது பெரும் வரம். கோடை உழவு ஓட்டவும், தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து மடக்கி உழவும் அந்த ஒரு மழை போதும். அதே மழை அறுத்துப் போட்ட எள்ளையும், களத்தில் காயும் உளுந்தையும், நெல்லுக்குப் பின் விதைத்து மே, ஜூனில் வெடிக்கும் பருத்தியையும் கெடுத்துவிடும். நனைந்த பருத்தி நிறம் மங்கி, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விலை இறங்கும். கறுத்த பஞ்சு நல்ல நூலாவதில்லை என்பதை நெசவாளர்களும் அறிவார்கள். ஆகையால் மஞ்சள், ஆரஞ்சு எச்சரிக்கை வந்த நாளுக்கு முன்பே வெடித்த பஞ்சைப் பறித்துவிடுவதும், தார்ப்பாய்களைச் சங்கக் கிடங்கிலிருந்து முன்னதாகவே வாங்கி வைப்பதும் கோடை மழைக்கான உண்மையான ஆயத்தங்கள்.

இடியைப் பற்றியும் ஒரு சொல். கோடை மழையில் நனைவதைவிட மின்னலுக்கு அஞ்ச வேண்டும். இடி ஓசை கேட்கும் தூரத்தில் இருப்பவர் மின்னல் எட்டும் தூரத்திலும் இருக்கிறார். திறந்த வயலில் நிற்பவரும், தனி மரத்தடியில் ஒதுங்குபவரும் மாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். மின்னல் எச்சரிக்கைக்கென்றே அரசு வெளியிட்டுள்ள தாமினி என்னும் செயலியைச் சங்கத்தின் இளைஞர் எவரேனும் முதியவர்களின் கைப்பேசியில் ஏற்றிக்கொடுத்தால் நல்லது.

குடகு மழையும் நம் குறுவையும்

இனி, தொடக்கத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஏப்ரலில் வானிலைத் துறையார், நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழை சராசரியில் 96 சதவீதம் இருக்கும் என்றனர். பெய்தது 94 சதவீதம். அறிவிப்பாகப் பார்த்தால் பழுதில்லை. ஆனால் எல் நினோ என்னும் பசிபிக் கடல் வெப்பத்தின் காலத்தில் வந்த அப்பருவத்தில், ஆகஸ்டு மாதம் 1901க்குப் பின் இந்தியாவில் காணாத வறட்சியாயிற்று. கருநாடகத்தின் பற்றாக்குறை நாட்டுச் சராசரியைவிட மிகப் பெரிது. மேட்டூர் அணை அவ்வாண்டு ஜூன் 12இல் வழக்கப்படி திறக்கப்பட்டும், அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது. அதன் பயனாக 2024 கோடையில் வீராணம் வறண்டு, சென்னைக்கு நீர் எடுப்பதும் நின்றது. ஜூன் 12 வந்தும் மேட்டூர் திறக்கப்படவில்லை. ஜூலை 28இல்தான் திறந்தார்கள். அதற்குள் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டியதால், திறந்த இரண்டே நாளில் அணை 120 அடியை எட்டி நிரம்பியது! நம் வானம் அந்த ஆண்டு ஏப்ரலில் சுட்டெரித்ததும், மே நடுவிலிருந்து நல்ல மழை பொழிந்ததும் ஏரியின் நிலையைச் சிறிதும் மாற்றவில்லை.

இதற்கு எதிரான ஆண்டுகளும் உண்டு. 2022இல் மே 24ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். 2025இல் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளத்தில் இறங்கியது. ஆக நாட்டுச் சராசரி எவ்வளவு என்பதைவிட, மழை காவிரி பிறக்கும் மலையில் எந்த வாரம் இறங்குகிறது, மேட்டூரின் இருப்பு என்ன என்பவையே நமக்கு முக்கியம். அவற்றை நாள்தோறும் நாளிதழில் காணலாம். முழுக் கொள்ளளவாகிய 93.47 டி.எம்.சி.யில் மே மாத இறுதியில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் செயலாளர் ஒருவர் அலுவலகக் கரும்பலகையில் எழுதிவந்தாலே, பல வீண் வாதங்கள் ஒழியும்.

முன்னறிவிப்பைப் படிக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடலாம். வெப்பமோ மழையோ, இயல்புக்கு மேல், இயல்பு, இயல்புக்குக் கீழ் என்று மூன்று பிரிவாக்கி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்கின்றனர். மூன்றுக்கும் 33 சதவீதம் வீதம் இருந்தால், ஒன்றும் சொல்வதற்கில்லை என்பது பொருள். ஒரு பிரிவுக்கு 45 சதவீதம் என்று வந்தால், "அவ்வாறுதான் நடக்கும்" என்று நம்மவர் படித்துவிடுகின்றனர். நூற்றில் ஐம்பத்தைந்து பங்கு அவ்வாறு நடவாமல் போகவும் இடமிருக்கிறது என்பதே அதன் மறுபக்கம். பத்து ஏக்கர் உடையவர் அந்தத் துணிவை ஏற்கலாம். ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தவர் ஏற்கலாகாது. ஐந்து நாளைக்குள் உள்ள அறிவிப்பு வேறு இனம்; அதை நம்பி அன்றாட வேலையை அமைத்துக்கொள்ளலாம். வாரம் இருமுறை, செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளிவரும் வேளாண் வானிலை அறிக்கையைச் சங்கப் பலகையில் ஒட்டுமாறு நான் செல்லுமிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

குறுவைக் கடனைப் பற்றிய என் யோசனை இதுவே. ஆடுதுறை 43, கோ 51 போன்ற குறுகிய வயதுடைய நெல்லுக்கு விதை முதல் அறுவடை வரை 105 முதல் 110 நாட்கள் ஆகும். நாற்றங்காலில் இருபத்தைந்து நாள் போக, வயலில் நிற்பது எண்பத்தைந்து நாள். ஜூன் 20க்குள் நாற்று விட்டால் ஜூலை நடுவில் நட்டு, அக்டோபர் முதல் வாரத்தில் அறுத்துவிடலாம். வடகிழக்குப் பருவம் வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி; எனவே இரண்டு வார இடைவெளி மீதமிருக்கும். 2024இல் போல ஜூலை இறுதியில் நீர் திறந்து, அதன் பின்னர் ஒருவர் நாற்று விட்டு நடுவாரானால் அறுவடை நவம்பர் நடுவில், கனமழையில் விழும். முளைத்த கதிரைக் கொண்டு கடனை அடைப்பது எங்ஙனம்?

ஆகையால் சொந்தக் கிணற்று நீர் உறுதியாக இல்லாத அங்கத்தினர், மே இறுதியில் மேட்டூர் இருப்பையும் குடகு மழையையும் பார்த்த பின்னரே குறுவைக்கு மனுச் செய்யட்டும். ஜூன் 20 வரையில் வாய்க்காலுக்கு நீர் வரும் என்ற உறுதி கிடைக்காவிடில், குறுவையை அடியோடு விட்டு, ஒரே போகமாக நீண்ட வயதுடைய சம்பாவைப் பயிரிடுவதே தக்கது. கடைமடைக் கிராமத்தார் ஆவணிப் புழுதியில் நேரடியாக விதைத்துவிடலாம். மனுக்களைச் சித்திரை மாதத்திலேயே வாங்கிக் குவித்து, எண்ணிக்கையைக் காட்டும் ஆர்வம் சில சங்கங்களில் உண்டு. ஓர் ஊரில் நீர் வராத ஆண்டில் அவ்வாறு கொடுத்த கடனை அடைக்க, சம்பாவுக்கென்று வாங்கிய கடனையே எடுத்துக் கட்டியிருந்ததைப் பேரேட்டில் கண்டேன். காகிதத்தில் தவணை தவறவில்லை. குடும்பத்தின் கடனோ இரட்டித்திருந்தது. நிர்வாகக் குழு, விதையும் உரமும் வைகாசியில் இருப்பு வைத்துவிட்டு, ரொக்கத்தை மட்டும் நீர் உறுதியான பின் வழங்கலாம். சேத்தியாத்தோப்புக் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பதிந்தவர்களுக்கு இவ்விதி பொருந்தாது. நிற்கும் பயிருக்குக் கோடை முழுவதும் உயிர் நீர் வேண்டும். தோகையை வயலிலேயே பரப்பி மூடாக்கிட்டால் பாசன இடைவெளியை நீட்டலாம். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்போர் மேற்கு வேலியை வெயில் முதிர்வதற்கு முன்பே கீற்றால் அடைத்துவிடுவது நலம்.

ஏரி வற்றுகிற ஆண்டானால், வண்டல் மண் எடுக்க அதுவே தருணம். விவசாய நிலத்துக்கு வண்டல் எடுப்பதற்கான அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறுமாறு 2024இல் விதியை எளிதாக்கியுள்ளனர். அனுமதிக்கப்பட்ட ஏரிகளின் பட்டியல் தாலுகா அலுவலகத்தில் கிடைக்கும். சிட்டா, அடங்கல் நகல்களோடு மனுவைக் கொடுக்க வேண்டும். முதல் நல்ல கோடை மழைக்குப் பின் ஏரிப் பாதையில் வண்டி இறங்காது. ஆதலின் மனுவைச் சித்திரை முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டு, வண்டி வாடகையை நான்கைந்து அங்கத்தினர் சேர்ந்து பேசிக்கொள்வது சிக்கனமாக இருக்கும்.